என் கைப்பையில் கிடந்த உன் ஓட்டு

எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொண்ட என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது. போனாலும் நீ தபாலை நம்புகிற ஆள் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை இங்கே அமெரிக்காவில் நம் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கிறேன். பிளசன்டனிலும் லிவர்மோரிலும் உன்னைத் தெரிந்தவர்கள் படிக்கட்டும். நீ இருந்திருந்தால், "ஏட்டி, வீட்டு விஷயத்த ரோட்டுல போட்டு ஒடைக்கியே" என்று சிரித்திருப்பாய். ஆமாம், உடைக்கத்தான் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் தீரவில்லை. செத்தவள்மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாளையங்கோட்டையில் அப்பா சைக்கிளில் முன்னால் உன்னை உட்கார வைப்பார், பின்னால் என்னை. உனக்கு ரோடு தெரியும், எனக்கு அப்பாவின் முதுகு தெரியும். நீ நர்ஸ் படிப்பை முடித்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறியபோது தெருவே வந்து வழியனுப்பியது. கடைசி நோயிலும், மருந்து ஏற்ற வேண்டாம் என்று மறுத்துவிட்டதால், உனக்கு ஒரு முடிகூடக் கொட்டவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்தபோதும் உன் பின்னல் என் பின்னலைவிடத் தடியாக இருந்தது.

அடக்கப் பூசைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ நர்சுகள் இரண்டு வரிசை. உன் யூனியன்காரர்கள் மூன்று வரிசை. எப்போதோ உன் கையால் ஊசி போட்டுக்கொண்ட வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் ஆக்ஸிஜன் குழாயோடு வந்திருந்தார். கோயில் பார்க்கிங் நிறைந்து தெருவில் கார் நிறுத்தினார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று, அழுதுகொண்டே, தலைகளை எண்ணினேன். இதையும் இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது இது எதையும் பற்றி அல்ல. நீ என்னிடம் கொடுத்த அந்த உறையைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் நம் சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் குடியுரிமைச் சத்தியம் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். உள்ளே என்னைவிட நீதான் அதிகம் அழுதாய். வெளியே மேஜை போட்டு வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரர் சேவியரும் அங்கேயே பதிந்துகொண்டோம். திரும்பி வரும்போது, 680 ஃப்ரீவேயில், நீ காரை ஓட்டிக்கொண்டே கேட்டாய்.

"எந்தக் கட்சின்னு போட்ட?"

"யானை."

நீ காரை ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்திவிட்டாய். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சேவியர் பின்சீட்டில் செபமாலையை எடுத்துவிட்டார்.

"என்னட்டி சொல்லுத? நாம யாரு, அவங்க யாரு?"

"நாம வரிசைல நின்னு வந்தவங்க. ஒழச்சு சாப்பிடுதவங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவங்க. அதான்."

"ஒன்ன உள்ள விட்ட சட்டத்த எந்தக் கட்சிக்காரன் போட்டான்னு தெரியுமா?"

"தெரிய வேண்டாம். நான் ஒன்ன பாத்து வந்தேன். அவன பாத்து வரல."

நீ சிரித்துவிட்டாய். கோபத்தின் நடுவில் சிரிக்க உன்னால் முடியும். என்னால் முடியாது. கழுதைச் சின்னத்து டெமாக்ரட் நீ, யானைச் சின்னத்து ரிபப்ளிகன் நான் என்று அன்றைக்குப் பிரிந்தோம். அப்புறம் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும்போதுகூட வரி, துப்பாக்கி, யூனியன் என்று எண்ணெயைவிட நாம்தான் அதிகம் கொதித்தோம்.

நான் ஏன் அந்தப் பக்கம் என்று உனக்கு எப்போதும் புரிந்ததில்லை. நீ அதை அறியாமை என்று நினைத்தாய். அது என் நம்பிக்கை, அக்கா. வயிற்றில் இருக்கிற பிள்ளையும் பிள்ளைதான். நான் நின்றுகொண்டே சம்பாதிக்கிற சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று எனக்கே ஒருவன் பாடம் எடுக்கக் கூடாது. அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊரில் பாதிப் பிரச்சினை வராது. ஜனாதிபதியின் பெண் விவகாரம் டிவியில் நாறிக்கொண்டிருந்த வருஷம், "அது அவன் பொண்டாட்டி கேக்க வேண்டிய கேள்வி, ஒனக்கென்ன?" என்றாய். பதினாறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தி பார்த்தவள் நான். எனக்கென்ன என்று எப்படிச் சொல்வேன்?

இன்றும் அதையேதான் நம்புகிறேன். இந்தக் கடிதத்தின் முடிவில் நான் உன் பக்கம் வந்துவிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் ஒன்று உண்டு. குடும்பம் குடும்பம் என்று வாய் கிழியப் பேசியவள் காலை ஆறே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். சுனோல் மலை ஏறி இறங்கி, சான் ஹோஸேயில் சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் பண்ணிவிட்டு, மறுபடி அதே மலை ஏறி இறங்கி வீடு சேர ஏழு மணி ஆகும். சேவியருக்கும் அதே கதை. வீடு வாங்கியாயிற்று, இரண்டு சம்பளம் இல்லாமல் முடியாது. என் மகள் அனிதாவின் பள்ளி மூன்று மணிக்கு விடும். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற நீ, இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, அவளுக்கு ஒரு முட்டை அவித்து வைத்துக்கொண்டு, உன் அபார்ட்மென்ட் கதவைத் திறந்தாய். பத்து வருஷம் திறந்தாய். கல்யாணம் வேண்டாம் என்றவள், பெண்களுக்கு வேலை, பெண்களுக்கு உரிமை என்று பேசியவள், நான் மேடை போட்டுச் சொன்ன வீட்டை என் பிள்ளைக்குச் சத்தம் போடாமல் கொடுத்தாய். உனக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று மூன்றரைக்கே வந்துவிட்டேன். உன் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே யாரோ ஒரு பெண் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அப்புறம் அவ என்ன சொன்னா தெரியுமா பெரியம்மா? நீ ஏன் இப்படி இருக்கன்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அழுகையா வந்துச்சு."

யாரோ ஊர்ப் பெண் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதவைத் தள்ளினால் அனிதா. என்னைப் பார்த்ததும், "ஓ, ஹாய் மாம். யூ ஆர் எர்லி" என்றாள். அப்படியே முகமும் மாறியது, பாஷையும் மாறியது.

எனக்கு அவள் ஒரு நாளும் தமிழில் பதில் சொன்னதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் முடிப்பாள். அமெரிக்காவில் வளர்கிற பிள்ளை, அப்படித்தான் என்று சங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவளுக்குத் தமிழ் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். நீ காபி ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "நீ அவட்ட பேசுதியா, விசாரண பண்ணுதியா? அவ ஒன்கிட்ட பயப்படுதா லூர்து." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்தக் காபியை நான் குடிக்காமல் வந்தேன்.

சரி, மீன் குழம்பு விஷயத்துக்கு வருகிறேன். அது தொண்ணூற்றாறு தேர்தல். நீ ஒரு யோசனை சொன்னாய். என் ஓட்டும் உன் ஓட்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும், அப்புறம் எதற்கு இரண்டு பேரும் வரிசையில் நிற்பது? இரண்டு பேரும் போக வேண்டாம், அன்றைக்கு லீவு போட்டு வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைப்போம் என்றாய். பைபிள்மேல் கை வைக்காத குறையாக ஒத்துக்கொண்டோம்.

காலை ஏழு மணிக்கு, உனக்குத் தெரியாமல், நம் தெருக்கோடி வீட்டுக் கராஜில் போட்டிருந்த வாக்குச் சாவடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நர்ஸ் உடுப்பில் ஒருத்தி நிற்கிறாள். பின்னலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ திரும்பினாய். கொஞ்சமும் வெட்கமில்லாமல் கேட்டாய்.

"என்னட்டி, மீன் வாங்க வந்தியோ?"

கராஜ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். மேஜையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு நம்மை அன்றிலிருந்து ஞாபகம். ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற ஸ்டிக்கரை நீ என் ஃப்ரிட்ஜில் ஒட்டினாய். நான் உன் ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மீன் குழம்பும் வைத்தோம். உன் கைப்பக்குவம்தான், அதிலும் எனக்குக் குறைதான். ஆனாலும் நம் வாழ்க்கையில் நான் பொறாமையில்லாமல் இருந்த நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால், அதைச் சொல்வேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி போர்டுக்குத் தேர்தலில் நான் நிற்கப் போகிறேன் என்று சொன்னேன். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு எதையெல்லாமோ பாடம் என்று வைக்கிறார்கள், கூட்டத்துக்குப் போனால் இரண்டு நிமிஷம் பேசவிட்டு மணி அடிக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்தால்தான் மாற்ற முடியும் என்று விண்ணப்பம்கூட வாங்கி வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடும்போது, நீ தண்ணீரைத் துப்புகிற அளவுக்குச் சிரித்தாய்.

"நீ நின்னா ஒன் புருஷனே ஒனக்கு ஓட்டுப் போட மாட்டான்."

சேவியர் தலையைத் தூக்காமல் சோறு பிசைந்தார். அனிதாவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் என்னைக் கொன்றது. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். உன்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினோம், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் யார்தான் கேட்டிருக்கிறோம்?

போன ஆகஸ்டில் உனக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். நீயே நர்ஸ், உனக்கு யாரும் பொய் சொல்ல முடியவில்லை. உன் ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டோம். அனிதா டேவிஸ் ஊரில் காலேஜ் சேர்ந்த புதிது. வெள்ளிக்கிழமை தோறும் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக உன் வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்க வருவாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் நான் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தாய். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே அனுப்புகிற வாக்குச்சீட்டு. ஒட்டி, பின்னால் கையெழுத்தும் போட்டிருந்தாய்.

"ஓட்டுப் போடப் போற அன்னைக்கு இதையும் அங்க பெட்டில சேத்துரு. தபால்ல போட்டுராத."

"அனிதாட்ட குடுக்க வேண்டியதுதான?" இதை நான் அன்பாகக் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

"அவ சின்னப்பிள்ள, எங்கயாவது வச்சிருவா. நீ சட்டம் பேசுதவ. ஒழுங்கா கொண்டு சேத்துருவ."

உறையின் பின்பக்கம், வாக்காளருக்குப் பதிலாகக் கொண்டுவந்து கொடுப்பவர் யார், என்ன உறவு என்று இரண்டு கட்டங்கள். என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். கை நடுங்கி எழுத்து கோணியிருந்தது.

"யாருக்குப் போட்டிருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"தெரியாதாக்கும்."

நீ சிரித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். அந்தச் சிரிப்பு எதற்கென்று அன்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை நீ போனாய். திங்கட்கிழமை அடக்கம். செவ்வாய்க்கிழமை தேர்தல்.

பூசையில் அனிதா பேசினாள். அவள் பேசப் போகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஃபாதரிடம் அவளே கேட்டிருக்கிறாள். இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி, உன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, தமிழில் சொன்னாள்: "எனக்கு ரெண்டு அம்மா. ஒருத்தங்க என்னப் பெத்தாங்க. ஒருத்தங்க எனக்குக் கதவத் தெறந்தாங்க." நம் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் விசும்பினார்கள். சேவியர் என் கையைப் பிடித்தார். நான் உருவிக்கொண்டேன்.

மறுநாள் காலை கராஜுக்குப் போனேன். அதே பாட்டி. "எங்கே உன் அக்கா, இந்தத் தடவை மீன் வாங்கப் போய்விட்டாளா?" என்று கேட்டார். நீ அவருக்கு அந்தக் கதையை எப்போது சொன்னாய்? எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாய். நான் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய் என் ஓட்டைப் போட்டேன். யானைக்குத்தான். திரும்பி வரும் வழியில் அந்தப் பெட்டி இருந்தது. கைப்பைக்குள் கையை விட்டேன். உன் உறை விரலில் பட்டது.

கையை வெளியே எடுத்தேன். வெறுங்கை.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். செத்தவர்கள் பெயரில் ஓட்டு விழுகிறது என்று ரேடியோவில் திட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன், இப்போது நானே ஒரு செத்தவளின் ஓட்டைப் போடுவதா என்று. அது நியாயம் இல்லை. நீ உயிரோடு இருக்கும்போது போட்ட ஓட்டு அது. செல்லுமா செல்லாதா என்று முடிவு பண்ண அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நான் யார்? உண்மை என்ன தெரியுமா? இந்த ஒரு தடவையாவது இவள் தோற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. இந்த மாநிலத்தில் கழுதைதான் ஜெயிக்கும், உன் ஓட்டு இருந்தும் இல்லாமலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைத்தான் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. யார் ஜெயித்தார் என்று ஒரு மாதத்துக்கு மேல் தெரியவில்லை. ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு சீட்டாக விளக்கில் தூக்கிப் பிடித்து, ஓட்டுக்காகக் குத்திய துளை சரியாக விழுந்திருக்கிறதா விழவில்லையா என்று ஆட்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று ஒரு பக்கம், சட்டம் சட்டம்தான் என்று இன்னொரு பக்கம். நான் சோபாவில் உட்கார்ந்து சட்டத்தின் பக்கம் கத்தினேன். கைப்பை என் காலடியில் இருந்தது.

நன்றி அறிதல் நாளுக்கு அனிதா வந்தாள். வான்கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் வாக்குச்சீட்டைப் பெட்டியில் சேர்த்துவிட்டாய்தானே என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"பண்ணிட்டேன்" என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிசம்பரில் என் ஆள் ஜெயித்தார். போன் பண்ணி உன்னை வெறுப்பேற்றலாம் என்று ரிசீவரை எடுத்து, உன் நம்பரில் பாதியை அழுத்திவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஜெயித்தால் சொல்லிக்காட்ட நீ வேண்டும். எனக்கு எட்டு வருஷமாக அந்தக் கட்சியே உனக்காகத்தான் இருந்திருக்குமோ?

இப்போது இங்கே நிலைமையைக் கேள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. பிப்ரவரியில் எனக்கும் வேலை போயிற்று. ஒரு அட்டைப் பெட்டியில் என் காபி கோப்பையையும் மாதா படத்தையும் போட்டுக்கொண்டு கடைசித் தடவையாக சுனோல் மலையில் வந்தேன். இப்போது தினமும் மூன்று மணிக்கு நான் வீட்டில் இருக்கிறேன், அக்கா. எத்தனை வருஷம் இதற்காக அழுதிருக்கிறேன். மூன்று மணிக்கு வாசலைப் பார்க்கிறேன். மெயில்காரர் வருகிறார்.

அது போதாதென்று மாநிலத்தில் கரண்டும் இல்லை. முறை வைத்து அணைக்கிறார்கள், பாளையங்கோட்டையிலேயே நாம் பார்த்ததுதான். போன மாதம் ஒரு மத்தியானம் அப்படி எல்லாம் நின்றுபோனது. டிவி இல்லை, ரேடியோ இல்லை. கைப்பையின் ஜிப் போய்விட்டது, புதுப்பைக்கு மாற்றலாம் என்று சாமான்களை மேஜையில் கொட்டினேன். பழைய ரசீதுகளுக்கு நடுவில் உன் உறை விழுந்தது. மூலைகள் மடங்கி, மேலே ஒரு மிட்டாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொடுக்காததும் தப்பு, பிரிப்பது அதைவிடத் தப்பு என்று தெரியும். காய் நறுக்கும் கத்தியால் பிரித்தேன்.

ஜனாதிபதிக்குக் கழுதை. மேல்சபைக்குக் கழுதை. கீழ்சபைக்குக் கழுதை. நான் சொன்னது சரிதான் என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. அதற்குக் கீழே பள்ளி போர்டு. நின்றவர்கள் யாரையும் நீ தொடவில்லை. பட்டியலில் இல்லாத ஒருவரை எழுதிச் சேர்ப்பதற்கு ஓர் இடம் விட்டிருப்பார்களே, அங்கே அதே கோணல் எழுத்தில், முழுப் பெயரும் விடாமல், எழுதியிருந்தாய்.

லூர்து மேரி சேவியர்.

என் பெயர். நான் நிற்காத தேர்தலில். என் கட்சியைக் கேட்டாலே காரை ஓரம் கட்டுகிறவள் நீ. கையைத் தூக்க முடியாத நிலையில், என் புருஷனே போட மாட்டான் என்று சொன்ன ஓட்டை எனக்குப் போட்டிருக்கிறாய். அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறாய். சட்டப்படி அது எண்ணிக்கையில் சேராது என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எண்ணுகிறவர்களில் யாராவது ஒருவர் என் பெயரைப் படித்திருப்பார். அதையும் நான்தான் நடக்கவிடாமல் செய்தேன். உன்னைத் தோற்கடிக்கிறேன் என்று எனக்கு விழுந்த ஒரே ஓட்டைப் பைக்குள் போட்டு மூடினேன்.

அன்று கரண்ட் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. ரேடியோ தானாகப் பேச ஆரம்பித்தது. போய் அணைத்தேன்.

அனிதா போன வாரம் விடுமுறைக்கு வந்தாள். மூன்று மணிக்கு வந்தாள் என்று எழுத ஆசைதான். வந்தது பதினொரு மணி. அழுக்குத் துணி மூட்டையோடு உள்ளே நுழைந்தவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரச் சொல்லி, உறையை முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்று சொல்லும்போது, கதவுக்கு வெளியே நின்று அவள் தமிழைக் கேட்ட நாளையும் சொன்னேன். அதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது.

அவள் சீட்டை எடுத்துப் பார்த்தாள். என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், எழுந்து டேவிஸுக்கே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். இங்கிலீஷில் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று என்னைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"ஏம்மா இப்படி செஞ்ச?" என்றாள். "ஒன்ன நம்பித்தானம்மா குடுத்தாங்க."

தமிழில். பத்தொன்பது வயதுப் பெண் எனக்கு முதல்முறையாகத் தமிழில் சொன்னது இதுதான். அந்த 'ஒன்ன'கூட அப்படியே நீ பேசுவதுதான். பெற்றவள் நான், பாளையங்கோட்டையும் என் ஊர்தான், ஆனால் அந்தக் குரல் உன்னுடையது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது, அக்கா. அப்புறம்தான் அழுகை.

நான் மன்னிப்புக் கேட்டேன். நம் குடும்பத்தில் முதல் ஆள் நான்தான், இதிலாவது உன்னை முந்தினேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. துணியை மெஷினில் போட்டாள். சாப்பிடும்போது உப்பு கேட்டாள், தமிழில்தான். கிளம்பும்போது உன் சீட்டைத் தன் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அந்தக் காலி உறை மட்டும் மிச்சம்.

அவள் இன்னும் எங்கள் வீட்டு முகவரியில்தான் வாக்காளர். அடுத்த தேர்தலுக்கும் டேவிஸில்தான் இருப்பாள், கடைசி நேரத்தில் சீட்டோடு வந்து நிற்பாள். யாருக்குப் போடுவாள் என்று எனக்குத் தெரியும், உன் வளர்ப்பு. என் யானை என்னோடு இருக்கட்டும், அதை விடமாட்டேன். ஆனால் ஒட்டிய உறையை அவள் என்னிடம் நீட்டினால், யாருக்கு என்று கேட்காமல், நடந்தே கொண்டுபோய் அந்தக் கராஜில் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவேன். சத்தியம். நீட்டுவாளா என்பதுதான் தெரியவில்லை. நீ நீட்டினாயே, அதேபோல் அவளும் என்னை நம்பி ஒருநாள் நீட்ட வேண்டும். அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உறையின் பின்பக்கத்தில், உறவு என்ற கட்டத்தில், நடுங்கும் கையால் நீ எழுதி வைத்த
உன் தங்கை,
லூர்து